குருதியின் கூறுகளும் அவற்றின் பணிகளும்
(கலியாணப் பேச்சுக்கு முன் செய்யவேண்டிய ஒரு சோதனை)

உடம்பு இறைவன் உறையும் ஆலயம் என்பது சைவப் பெருமக்களின் கொள்கை. உடம்பை இழுக்கென்று முதலில் எண்ணியிருந்த திருமூலர், அதனுள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதனைப் பேணலானார் எனத் திருமந்திரம் கூறுகின்றது. ஆலயத்தில் பூசைக்கொருவர், மடைப்பள்ளிக்கொருவர், மாலை கட்டுவதற்கொருவர், மேளத்துக்கொருவர், வாயிற் காவலுக்கொருவர் எனப் பணியாளர் பலர் இருப்பதுபோல, உடம்பாகிய ஆலயத்திலும் பணியாளர் பலர் உளர். அவர்களுள் ஒரு கணமும் ஓய்வின்றி உடல் முழுவதையும் வலம்வரும் கூட்டமே குருதி. பேச்சு வழக்கில் நாம் இரத்தம் என்று சொல்வதையே பாடநூல்கள் குருதி என்கின்றன.

குருதியின் கூறுகளை எல்லோரும் அறிந்திருத்தல் நன்று. வடமேல் மாகாணத்தில் வாழும் நமக்கு அது இன்னும் அவசியம். குருதியின் ஒரு கூறில் ஏற்படும் பரம்பரைக் குறையாகிய தலசீமியா என்னும் நோய் இலங்கையில் கூடுதலாகக் காணப்படும் பகுதிகளுள் இம்மாகாணமும் ஒன்று. அந்நோய் ஒரு வீட்டுக்குள் வந்தபின் மருந்தால் முற்றாகப் போக்குவது கடினம். வருமுன் அறிவால் தடுப்பது எளிது. எனவே குருதியின் கூறுகளை முதலில் ஒவ்வொன்றாகப் பார்த்து, பின்னர் அந்நோய்க்கு வருவோம்.

குருதியில் என்ன இருக்கின்றது?

வளர்ந்த ஒருவருடைய உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. இது உடல் நிறையில் நூற்றுக்கு 7 முதல் 8 பங்காகும். பார்வைக்கு ஒரே சிவப்பு நீராகத் தோன்றினாலும் அது தனி நீரன்று. உறையாதபடி மருந்திட்ட கண்ணாடிக் குழாயில் குருதியை எடுத்து அசையாமல் வைத்தால், கலங்கிய நீர் செம்பில் தெளிவதுபோல அது மெல்லப் படைபடையாகப் பிரியும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். இது திரவவிழையம் எனப்படும். மொத்தத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பங்கு. அடியில் செந்நிறமாகத் தங்குவன செங்குழியங்கள். இவை ஏறத்தாழ 45 பங்கு. இரண்டுக்கும் நடுவே நூல்போல மெல்லிய வெண்படை ஒன்று தெரியும். வெண்குழியங்களும் சிறுதட்டுக்களும் அங்கேயே இருக்கின்றன. ஆகவே குருதியின் கூறுகள் நான்கு: திரவவிழையம், செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு.

குழியங்கள் பிறக்குமிடம் எலும்புகளின் உள்ளேயுள்ள மச்சை. நெஞ்செலும்பு, முதுகெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றின் மச்சையில் இரவு பகலாக இவை உருவாகிக்கொண்டேயிருக்கின்றன. குருதி உடலைச் சுற்றிச் சுற்றி வருகின்றது என்பதையும், அதனைச் செலுத்துவது இதயமே என்பதையும் தக்க சான்றுகளுடன் 1628ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹார்வி.

திரவவிழையம்

திரவவிழையத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீரே. எஞ்சியதில் புரதங்கள், உப்புக்கள், வெல்லம், கொழுப்பு, ஓமோன்கள், கழிவுகள் ஆகியன உள. நாம் உண்ட சோற்றின் சத்தைக் குடலிலிருந்து எடுத்துச் செல்வதும், உடலின் கழிவைச் சிறுநீரகத்திடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், உடற்சூட்டை எங்கும் பரப்புவதும் இதன் வேலை.

இதிலுள்ள புரதங்களுள் மூன்று முக்கியமானவை. அல்புமின் என்பது நீரைக் குருதிக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைத்திருக்கின்றது. அது குறைந்தால் நீர் வெளியே கசிந்து கால் வீங்கும், முகம் ஊதும். குளோபுலின் வகைகளுள் நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் அடங்கும். பைபிரினோசன் என்பது காயத்தில் குருதியை உறையச் செய்வது. அல்புமினையும் பைபிரினோசனையும் செய்து தருவது ஈரல். நெடுங்காலம் மதுவருந்தி ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு வயிற்றில் நீர் கோப்பதும், சிறு காயத்திலும் குருதி நிற்காமற் போவதும் இதனாலேயே.

செங்குழியங்கள்

குருதிக்குச் சிவப்பு நிறத்தைத் தருவன இவையே. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில், அதாவது ஒரு சிறு துளியிலும் குறைந்த அளவில், ஏறத்தாழ 50 இலட்சம் செங்குழியங்கள் உண்டு. ஒவ்வொன்றும் இருபுறமும் நடுவே குழிந்த வட்டத் தட்டு வடிவமானது. அகலம் ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 7 அல்லது 8 பங்கே. மிக ஒடுங்கிய குழாய்களிலும் வளைந்து நெளிந்து செல்வதற்கு இவ்வடிவம் உதவுகின்றது.

செங்குழியத்தின் உள்ளே நிறைந்திருப்பது ஈமோகுளோபின். இது ஈம் என்னும் இரும்புப் பகுதியும் குளோபின் என்னும் புரதப் பகுதியும் சேர்ந்தது. சுவாசப்பையில் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு, உடலின் ஒவ்வொரு மூலைக்கும் சென்று இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது காபனீரொட்சைட்டை அகற்றவும் உதவுகின்றது. களப்பிலிருந்து மீனைக் கரைக்கு ஏற்றி வரும் தோணிகள் போன்றவை செங்குழியங்கள் எனலாம். தோணியில் பலகை குறைந்தால் பாரம் ஏற்ற முடியாததுபோல, ஈமோகுளோபின் குறைந்தால் உடலுக்கு ஒட்சிசன் போதாது. அதுவே குருதிச்சோகை.

ஒரு செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். முதிர்ந்தவற்றை மண்ணீரலும் ஈரலும் உடைக்கின்றன. இரும்பை உடல் வீணாக்காமல் மீண்டும் மச்சைக்கு அனுப்பிப் புதிய குழியங்களுக்குப் பயன்படுத்துகின்றது. எஞ்சிய நிறப்பொருள் மஞ்சளாகிப் பித்தத்தோடு வெளியேறுகின்றது. இழப்பை ஈடுசெய்ய மச்சை ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குழியங்களை ஆக்குகின்றது.

குருதிச்சோகையும் உணவும்

உலக சுகாதார நிறுவனத்தின் அளவின்படி ஒரு டெசிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது குருதிச்சோகை. களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, கண்ணிமையின் உட்புறமும் நகமும் வெளிறுதல், பிள்ளைகள் படிப்பில் மந்தமாதல் ஆகியன இதன் குறிகள். மிகப் பொதுவான காரணம் இரும்புச்சத்துக் குறைவு. பெண்களுக்கு மாதவிடாயாலும் மகப்பேற்றாலும் இரும்பு இழக்கப்படுகின்றது. பிள்ளைகளுக்குக் கொழுக்கிப் புழுக்களால் இழக்கப்படுவதுண்டு. மணற் பிரதேசத்தில் வெறுங்காலோடு நடப்பவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும். அப்புழு பாதத்தின் தோலைத் துளைத்தே உள்ளே வருகின்றது.

மீன், இறைச்சி, ஈரல் ஆகியவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலிற் சேரும். கீரை, பயறு, கௌபி, முருங்கையிலை ஆகியவற்றிலுள்ள இரும்பு சற்றுக் கடினமாகவே சேரும். ஆயினும் அவற்றோடு தேசிக்காய்ப் புளி, கொய்யா, நெல்லி போன்ற விற்றமின் சி உள்ளவற்றைச் சேர்த்தால் கூடுதலாகச் சேரும். விரத காலத்தில் மரக்கறி உணவே உண்பவர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பது இரும்பு சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் தரப்படும் இரும்புக் குளிசைகளையும் திரிபோஷாவையும் வாங்கி வீட்டில் வைத்துவிடாமல் முறையாக உட்கொள்ள வேண்டும்.

வெண்குழியங்கள்

இவை உடலின் காவலாளர். ஒரு கன மில்லிமீற்றரில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். இவற்றுள் பல வகை உண்டு. மிகக் கூடுதலாக உள்ள நியூத்திரோபில்கள் கிருமி புகுந்த இடத்துக்கு முதலில் ஓடிச்சென்று அவற்றை விழுங்குகின்றன. காயத்தில் தோன்றும் சீழ் என்பது பெரும்பாலும் அப்போரில் இறந்த காவலாளரின் உடல்களே. நிணநீர்க்குழியங்கள் பிறபொருளெதிரிகளை ஆக்குவதோடு, ஒருமுறை வந்த பகைவனை நினைவில் வைத்திருக்கின்றன. தடுப்பூசி வேலை செய்வது இந்த நினைவினாலேயே. சின்னமுத்து வந்தவருக்கு அது மீண்டும் வருவது அரிதாயிருப்பதும் இதனாலேயே. இயோசினோபில்கள் புழு நோயிலும் ஒவ்வாமையிலும் பெருகும். வைத்தியர் முழுக் குருதிப் பரிசோதனை செய்யச் சொல்வது, எந்த வகைக் காவலாளர் கூடியிருக்கின்றனர் என்பதிலிருந்து எந்தப் பகைவன் வந்துள்ளான் என ஊகிப்பதற்காகவுமாகும்.

சிறுதட்டுக்களும் குருதி உறைதலும்

சிறுதட்டுக்கள் மிகச் சிறியன. ஒரு கன மில்லிமீற்றரில் 150,000 முதல் 450,000 வரை உண்டு. ஆயுள் 7 முதல் 10 நாட்கள். குழாயில் காயம் ஏற்பட்டவுடன் இவை ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும். அதன்மேல் திரவவிழையத்திலுள்ள பைபிரினோசன் பைபிரின் என்னும் நூலிழைகளாக மாறி வலைபோலப் பின்னும். வலையில் மீன் அகப்படுவதுபோல அதில் குழியங்கள் அகப்பட்டு உறைகட்டி உண்டாகும். இவ்வேலைக்குக் கல்சியமும், விற்றமின் கே உதவியுடன் ஈரல் ஆக்கும் காரணிகளும் தேவை.

இந்த ஏற்பாடு கெட்டால் என்னாகும் என்பதற்கு நமது பகுதியில் இரண்டு உதாரணங்கள் உண்டு. ஒன்று டெங்கு. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர்; 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். டெங்குவில் சிறுதட்டுக்கள் குறைவதையே பலரும் அறிவர். அதைவிட ஆபத்தானது திரவவிழையம் குழாய்களிலிருந்து கசிவது. அது கசிந்தால் குருதி தடித்து, ஓட்டம் தளர்ந்து, உயிருக்கே இடராகும். காய்ச்சல் விடுகின்ற மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அபாயமான காலம். காய்ச்சல் விட்டது என்று மகிழ்ந்து வீட்டில் இருந்துவிடலாகாது. டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின், புரூபன் போன்றவற்றைக் கொடுக்கவே கூடாது; அவை சிறுதட்டுக்களின் வேலையைத் தடுப்பன. பரசிற்றமோல் மட்டும் உரிய அளவில் கொடுக்கலாம்.

மற்றொன்று பாம்புக் கடி. கண்ணாடி விரியன் என்றும் புடையன் என்றும் சொல்லப்படும் பாம்பின் விடம் குருதியிலுள்ள உறையும் காரணிகளைச் செலவழித்துத் தீர்த்துவிடும். பின்னர் முரசிலிருந்தும் சிறுநீரிலும் குருதி வரும். வைத்தியசாலையில் சிறிதளவு குருதியைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பர். உறையாவிடின் விடம் ஏறியுள்ளது எனத் தெளிந்து விடமுறி மருந்து ஏற்றுவர். எனவே விடியற்புறத்தில் வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கச் செல்பவர் கடியுண்டால் கடிவாயைக் கீறுதலும், இறுகக் கட்டுதலும் செய்யாமல், கடியுண்ட உறுப்பை அசைக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

குருதி வகை

1901ஆம் ஆண்டில் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் என்னும் அறிஞர், மனிதர் குருதி ஒரே வகையானதன்று என வெளிப்படுத்தினார். இதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த நாளான யூன் 14 உலக இரத்ததானிகள் நாளாகும். செங்குழியத்தின் மேற்பரப்பிலுள்ள அடையாளங்களைக் கொண்டு ஏ, பி, ஏபி, ஓ என நான்கு வகையும், ஆர்எச் காரணி உண்டா இல்லையா என்பதைக் கொண்டு நேர், மறை என இரு பிரிவும் கூறப்படும். பொருந்தாத குருதியை ஏற்றினால் உடல் அதனைப் பகைவனாகக் கருதி அழிக்கும்.

ஆர்எச் மறையான தாய் ஆர்எச் நேரான பிள்ளையைச் சுமந்தால், அடுத்தடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரலாம். இதற்கு உரிய காலத்தில் போடும் ஊசி உண்டு. ஆகவே வகை மாறியதற்காக ஒரு கலியாணத்தை நிறுத்தவேண்டியதில்லை. இங்கே ஒன்றை நன்றாக மனதிற் பதிக்க வேண்டும். குருதி வகை பார்ப்பது வேறு. இனிச் சொல்லப்போகும் சோதனை வேறு. "இரண்டு பேருக்கும் இரத்தம் பார்த்தாயிற்று" என்று பெற்றார் நிம்மதி அடைவதுண்டு. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் குருதி வகையையே. அதில் தலசீமியா தெரியாது.

தலசீமியா

ஈமோகுளோபினில் குளோபின் என்னும் புரதப் பகுதி உண்டெனக் கண்டோம். அது அல்பா, பீற்றா என்னும் இருவகைச் சங்கிலிகளால் ஆனது. பீற்றாச் சங்கிலியை ஆக்குவதற்கான கட்டளை ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக உண்டு. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. இரண்டில் ஒன்று பழுதாயிருந்தால் மற்றையது வேலையைச் செய்துவிடும். அத்தகையவர் காவி எனப்படுவார். அவர் நோயாளியல்லர். உழைப்பார், ஓடுவார், நெடுங்காலம் வாழ்வார். தாம் காவி என்பது சோதித்தாலன்றி அவருக்கே தெரியாது.

இரண்டு காவிகள் மணந்தால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் பின்வருமாறு நேரலாம்.

1. பிள்ளைக்குப் பழுதெதுவும் வராதிருக்க நான்கில் ஒரு வாய்ப்பு.
2. பிள்ளை பெற்றோரைப்போலக் காவியாக இருக்க நான்கில் இரண்டு வாய்ப்பு.
3. பிள்ளை தலசீமியா நோயுடன் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு.

முதற்பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்பதல்ல. ஒவ்வொரு முறையும் திருவுளச்சீட்டுப் புதிதாகவே எடுக்கப்படுகின்றது. காவி ஒருவர் காவியல்லாத ஒருவரை மணந்தால் எந்தப் பிள்ளைக்கும் இந்நோய் வராது. காவியாவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு மட்டுமே உண்டு. இதுவே இந்நோயில் இறைவன் வைத்துள்ள பெரிய ஆறுதல்.

நோயுள்ள பிள்ளை பிறக்கும்போது நலமாகவே தோன்றும். கருவிலிருக்கும்போது வேறொரு வகை ஈமோகுளோபின் அதனைத் தாங்குகின்றது. பிறந்து சில மாதங்களில் அது குறைய, பீற்றாச் சங்கிலி வேண்டிய இடத்தில் வெறுமை தெரியவரும். பிள்ளை வெளிறும், பால் குடிக்கக் களைக்கும், வளராது, மண்ணீரல் பெருத்து வயிறு முன்தள்ளும். மச்சை வீணாக உழைத்து விரிவதால் முக எலும்புகள் உருமாறும். சிகிச்சையில்லாவிட்டால் கடும் நோயுள்ள பிள்ளைகள் சிறுவயதிலேயே இறப்பர்.

சிகிச்சை என்பது மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றுவது. அதனோடு துன்பம் முடிவதில்லை. ஒரு பைக் குருதியோடு ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலிற் சேருகின்றது. நாம் உணவிலிருந்து நாளொன்றுக்குப் பெறுவது 1 அல்லது 2 மில்லிகிராமே. மிகுந்த இரும்பை வெளியேற்றும் வாயில் மனித உடலில் இல்லை. அது இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். அதனை அகற்றுவதற்கு டெஸ்பெரொக்சமின் என்னும் மருந்தைச் சிறிய பம்பியின் மூலம் தோலுக்கடியில் 8 முதல் 12 மணித்தியாலம் வரை, வாரத்தில் ஐந்து இரவுகளேனும் செலுத்த வேண்டும். வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் இப்போது உண்டு. முறையாகச் சிகிச்சை பெறுவோர் வளர்ந்து, தொழில் செய்து, குடும்பமாகவும் வாழ்கின்றனர். பொருத்தமான கொடையாளி கிடைத்தால் மச்சை மாற்றுச் சிகிச்சையால் குணமாக்கலாம். ஆயினும் அது எல்லோருக்கும் கிட்டுவதன்று.

நமது மாகாணமும் தலசீமியாவும்

இலங்கையில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, மக்களில் நூற்றுக்கு சராசரி 2.2 பேர் பீற்றா தலசீமியாக் காவிகள் என்றும், எந்த வேளையிலும் 2,000க்கு மேற்பட்ட நோயாளருக்குச் சிகிச்சை வேண்டியிருக்கும் என்றும் கணித்தது. ஈமோகுளோபின் ஈ என்னும் இன்னொரு பழுதைச் சுமப்பவரும் நூற்றுக்கு 0.5 பேர் உளர். அவரும் பீற்றாக் காவியும் மணந்தாலும் நோயுள்ள பிள்ளை பிறக்கலாம். சராசரிக் கணக்கின்படி, தேர்த் திருவிழாவுக்கு 1,000 பேர் கூடினால் அவர்களுள் ஏறத்தாழ 20 பேர் தம்மையறியாத காவிகள்.

இக்குறை ஏன் இங்கு வந்தது? மலேரியாவே காரணம் என விஞ்ஞானிகள் கருதுகின்றனர். மலேரியாக் கிருமி செங்குழியத்துள் புகுந்து வாழ்வது. காவிகளின் செங்குழியத்தில் அது செழிப்பதில்லை. ஆகவே மலேரியா மலிந்த நாடுகளில் காவிகள் தப்பிப் பிழைத்துப் பெருகினர். 1934–35இல் இலங்கையில் பரவிய மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். குருநாகல் மாவட்டமும் அதில் பெரிதும் வாடியது. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பகைவன் போய்விட்டான். அவனுக்கெதிராக முன்னோர் பெற்ற கவசம் மட்டும் சந்ததிக்குச் சுமையாக எஞ்சியுள்ளது. இது எவருடைய பாவமுமன்று, எந்தக் குடும்பத்தின் குற்றமுமன்று. சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம், பௌத்தர் என்ற வேறுபாடும் இதற்கில்லை.

உறவில் மணம் செய்வோர் ஒரு கணக்கை அறிய வேண்டும். ஒருவர் காவியாயின், வெளியார் ஒருவர் காவியாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு இரண்டளவே. ஆனால் அவருடைய சொந்த மாமன் மகளோ மாமி மகளோ காவியாக இருக்க வாய்ப்பு எட்டில் ஒன்று. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல். மச்சான் மச்சாள் உறவில் கலியாணம் பேசுவது நமது வழக்கம். வழக்கத்தை விடும்படி இங்கு கூறப்படவில்லை. சோதித்துவிட்டுப் பேசவேண்டும் என்பதே கருத்து.

சோதனை எப்படி?

முதலில் முழுக் குருதிப் பரிசோதனை. காவிகளின் செங்குழியம் அளவிற் சிறிதாகவும் வெளிறியும் இருக்கும். சந்தேகமிருந்தால் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் சோதனை செய்யப்படும். அதில் ஈமோகுளோபின் ஏ2 என்னும் வகை கூடியிருந்தால் காவி எனத் தெளியலாம். குருநாகல், ராகமை ஆகிய இடங்களிலுள்ள தலசீமியா நிலையங்களில் இதற்கான வசதி உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, அண்மையிலுள்ள அரச வைத்தியசாலையிலோ கேட்டால் வழி கூறுவர். வாழ்நாளில் ஒருமுறை செய்தாற் போதும்.

இரும்புக் குறைவிலும் செங்குழியம் சிறிதாகும். எனவே ஆண்டுக்கணக்காக இரும்புக் குளிசை எடுத்தும் ஈமோகுளோபின் ஏறாதவர்கள், தாம் காவியோ என்று வைத்தியரிடம் கேட்டறிதல் நல்லது. அதேவேளை வைத்தியர் சொல்லாமல் தாமாகக் குளிசையை நிறுத்தலாகாது.

சோதனைக்கு உகந்த காலம் கலியாணம் எழுதும் நாளன்று, அதற்கு முன்னர். அதிலும் பேச்சுத் தொடங்குவதற்கு முன்னர். நாள் வைத்து, அழைப்பிதழ் அச்சடித்தபின் தெரியவந்தால் இரு வீட்டாருக்கும் மனவேதனை. கருவுற்றபின் தெரியவந்தால் வழி இன்னும் ஒடுங்கிவிடும். தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைக்க இலங்கைச் சட்டம் இடமளிப்பதில்லை. பிள்ளை பதினெட்டு வயதை அண்டும்போதே சோதித்து, பெறுபேற்றைச் சாதகக் குறிப்போடு சேர்த்து வைத்தால் பின்னர் எவரும் கலங்கவேண்டியதில்லை. சாதகத்தில் செவ்வாய் தோசம் உள்ளதென்றால் அதற்கேற்ற சாதகத்தைத் தேடுகின்றோமேயன்றிப் பிள்ளையை வெறுத்து ஒதுக்குவதில்லை. காவியென்று தெரிந்தவரையும் அவ்வாறே கருத வேண்டும். அவருக்குக் கலியாணம் மறுக்கப்படலாகாது. இன்னொரு காவியைத் தவிர்த்தாற் போதும்.

சைப்பிரஸ் தீவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அங்கே ஏழு பேரில் ஒருவர் அளவில் காவிகள். நோயாளருக்கே நாட்டின் குருதியும் மருந்தும் போதாது போகும் நிலை வந்தது. 1983ஆம் ஆண்டில் அந்நாட்டுத் திருச்சபை, கலியாணத்துக்கு முன் இருவரும் தலசீமியாச் சோதனை செய்ததற்கான சான்றிதழைக் கேட்கத் தொடங்கியது. இன்னாரை மணக்காதே என்று அது கூறவில்லை. அறிந்து முடிவு செய்யுங்கள் என்றது. நோயோடு பிறக்கும் பிள்ளைகளின் தொகை அங்கு ஏறக்குறைய இல்லையெனுமளவுக்குக் குறைந்தது. சட்டத்தைவிட வழிபாட்டுத் தலத்தின் சொல்லுக்கு மக்கள் செவிசாய்த்தனர். நமது ஆலயங்களிலும் கலியாணத்துக்கு நாள் கேட்டு வருவோரிடம் "சோதனை செய்தாயிற்றா?" என ஒரு சொல் கேட்டால் அது பெரும் புண்ணியமாகும்.

இரத்ததானம்

ஏற்கெனவே நோயோடு வாழும் பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடியது இரத்ததானம். தொழிற்சாலையில் ஆக்கக்கூடிய பொருளன்று குருதி. ஒருவர் கொடுக்கும் ஏறத்தாழ 450 மில்லிலீற்றரை இரத்த வங்கியில் கூறுகூறாகப் பிரிப்பர். செங்குழியம் குளிரில் 35 முதல் 42 நாள் வரை இருக்கும். அது தலசீமியாப் பிள்ளைக்கும் மகப்பேற்றில் குருதி இழந்த தாய்க்கும் உதவும். சிறுதட்டு 5 நாளே இருக்கும். அது புற்றுநோயாளருக்கும், குருதிப்பெருக்குள்ள டெங்கு நோயாளருக்கும் உதவும். உறையச்செய்த திரவவிழையம் ஓராண்டு வரை இருக்கும். அது தீப்புண்ணிலும் உறையாக் குருதிப்பெருக்கிலும் உதவும். ஆகவே ஒருவர் தானம் மூவருக்குப் பயன்படும்.

இலங்கையில் 2014ஆம் ஆண்டு முதல் தேசிய குருதிமாற்றுச் சேவை முழுவதும் தன்னார்வக் கொடையாளரையே நம்பியுள்ளது. 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, உடல்நலமுள்ள, போதிய ஈமோகுளோபின் உள்ள எவரும் நான்கு மாதத்துக்கொருமுறை கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் ஈமோகுளோபின் பார்க்கப்படும். கொடுத்த குருதி எயிட்ஸ், ஈரல் அழற்சி பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்படும். கொடுத்தவரின் திரவவிழையம் ஓரிரு நாளிலும், செங்குழியங்கள் சில வாரங்களிலும் ஈடுசெய்யப்பட்டுவிடும். கொடுத்ததால் மெலிந்தேன் என்பது வெறும் பயமே.

காளத்தியில் இறைவன் கண்ணிலிருந்து குருதி வழியக் கண்ட கண்ணப்பர், பச்சிலையால் அது நில்லாதபோது தம் கண்ணையே இடந்து அப்பினார். அத்தகைய தியாகத்தை இறைவன் நம்மிடம் கேட்கவில்லை. சில வாரத்தில் மீண்டும் ஊறிவிடும் ஒரு பைக் குருதியும், கலியாணத்துக்கு முன் ஒரு சோதனையுமே இன்று வேண்டப்படுவன. அவற்றைச் செய்தால், மாதந்தோறும் ஊசியோடு வளரவேண்டிய ஒரு பிள்ளையாவது நம் ஊரில் பிறவாமற் காக்கலாம். பிறந்துள்ள பிள்ளைகளின் வாழ்வையும் நீட்டலாம்.

எல்லாம் வல்ல இறைவன் ஊர் மக்கள் அனைவருக்கும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் அருள்வானாக!

சுபம்.